ஓடிக் கெட்டதில்லை, கிடந்து கெட்டது: வீட்டு ஜெனரேற்றரைப் பார்த்துக்கொள்ளும் முறை

எங்கள் வீட்டில் குஞ்சு பொரிக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. ஒரே நேரத்தில் 260 ஊர்க்கோழி முட்டை வைக்கலாம். 21 நாளும் 37.5 பாகைச் சூடு விடாமல் நிற்க வேண்டும். வீடு இருப்பது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கொஞ்சம் உள்ளே. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் கரண்டை நம்ப முடியாது. தென்னோலை வயரில் விழும், மரம் சாயும், சில நாள் ஒரு இடி இடித்தாலே போய்விடும். வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரை வெளிச்சமாகத் தெரியும். இங்கே நாங்கள் விளக்குத் தேடிக்கொண்டிருப்போம். அதற்காகத்தான் பாவித்த பெற்றோல் ஜெனரேற்றர் ஒன்றை வாங்கி வைத்தேன்.

ஒரு மார்கழி இரவு ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. முட்டைகளுக்கு அன்றைக்குப் 17ஆம் நாள். ஜெனரேற்றரை அதற்கு முன் ஓட்டி ஏழு மாதம் இருக்கும். கயிற்றை இழுத்தேன், இழுத்தேன், உள்ளங்கைத் தோல் உரியும் வரை இழுத்தேன். மருமகன் வந்து இழுத்தான். ஒரு சத்தம்கூட வரவில்லை. சுடுதண்ணியைப் போத்தல்களில் நிறைத்து முட்டைகளுக்கு நடுவே வைத்து, சாக்கால் மூடி, விடியும் வரை தண்ணியை மாற்றிக்கொண்டே இருந்தோம். மறுநாள் பின்னேரம்தான் கரண்ட் வந்தது. 21ஆம் நாள் மூடியைத் திறந்தபோது 11 குஞ்சு. மற்றதெல்லாம் கூட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. அந்த மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

பிறகு டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற காபரேற்றர் பழுது என்று புதிதாக ஒன்று போட்டுக் காசு வாங்கினார்கள். ஓடியது. ஆறு மாதம் கழித்து அதே கதை. அந்த முறைதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, பாலமீன்மடுப் பக்கம் தோணி எஞ்சின் திருத்துகிற மனிதர். காபரேற்றரின் கிண்ணத்தைக் கழற்றி என் கையில் தந்தார். அடியில் தேன் நிறத்தில் பசை போல ஏதோ ஒட்டியிருந்தது. "இது ஓடிக் கெட்டதில்ல புள்ள, கிடந்து கெட்டது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் கற்றுக்கொண்ட எல்லாமே தொடங்கியது. அதன் பிறகு என் ஜெனரேற்றரை வேறு யாரும் திறந்ததில்லை. எனக்குத் தெரிந்ததை மாரிக்கு முன் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்வது கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற, 2 முதல் 3 கேவீஏ வரையான, ஒற்றைச் சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் பெற்றோல் மெஷினுக்கு. கடைகளில் நிறம் நிறமாக விற்றாலும் உள்ளே பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான். உங்கள் மெஷினோடு வந்த புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது

கரண்ட் வந்ததும் நம்மவர்கள் செய்வது, ஓடிப்போய் சுவிட்சை அணைப்பது. அப்படி அணைத்தால் காபரேற்றரின் கிண்ணம் நிறையப் பெற்றோல் நிற்கும். பெற்றோலில் இலேசான பகுதி வாரக்கணக்கில் மெல்ல ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது பிசின். அந்தக் கிண்ணத்துக்கு மேலே பித்தளையில் ஜெட் என்று ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. அதன் துளை ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. எஞ்சினுக்குப் போகிற பெற்றோல் அந்தத் துளையால்தான் போக வேண்டும். பிசின் அதை அடைத்துவிட்டால் எவ்வளவு பலசாலி இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது.

ஆகவே நான் நிறுத்துவது இப்படி. முதலில் கொளுவியிருக்கிற சாமான் எல்லாவற்றையும் கழற்றுவேன். இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடவிடுவேன், சூடு கொஞ்சம் தணியட்டும் என்று. பிறகு பெற்றோல் டெப்பை மூடுவேன், சுவிட்சைத் தொடமாட்டேன். கிண்ணத்தில் உள்ளது தீரும் வரை எஞ்சின் ஓடிவிட்டுத் தானாக நிற்கும். சில நிமிடம்தான். அதற்குப் பிறகு சுவிட்சை அணைப்பேன். சாமான்களை முதலே கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெற்றோல் தீரும்போது எஞ்சின் தடுமாறும், வோல்டேஜ் விழும், ஃபிரிட்ஜ் மோட்டார் அதில் அடிபடும். லோட்டோடு சாகவிட்டால் ஜெனரேற்றரின் கம்பிச்சுருளுக்கு நடுவே மிஞ்சியிருக்க வேண்டிய காந்தமும் சில வேளை போய்விடும். மறுகா எஞ்சின் ஓடும், கரண்ட் வராது.

இரண்டாவது, மாதம் ஒருமுறை ஓட்ட வேண்டும். நான் பௌர்ணமி விடுமுறையான போயா நாளைப் பிடித்துக்கொண்டேன். கலண்டரில் தானாக வரும், பிள்ளைகளும் வீட்டில் நிற்பார்கள், மறக்காது. 20 நிமிடம் ஓட்டுவேன், அதுவும் சும்மா இல்லை. அயனைக் கொளுவி அந்த நேரத்திலேயே பிள்ளைகளின் பள்ளி வெள்ளைச் சட்டைகளைத் தேய்த்துவிடுவேன். அயன் 1000 வாட்ஸ் இழுக்கும். அந்த அளவு லோட் இருந்தால்தான் எஞ்சின் நன்றாகச் சூடாகி உள்ளே படிந்த ஈரம் போகும், கம்பிச்சுருளும் காயும். பிறகு மேலே சொன்னபடி டெப்பை மூடி நிறுத்துவேன்.

மூன்று மாதத்துக்கு மேல் பாவிக்க மாட்டேன் என்று தெரிந்தால் டாங்கியையும் காலி பண்ணி விடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளைக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்து, பிளக்கைத் திருப்பிப் பூட்டி, கயிறு இறுகுகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போகாது. கல்லடி, கல்முனை, திருக்கோவில் என்று கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது கட்டாயம். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். மாமா தன் மெஷினின் போல்ட் தலைகளை எல்லாம் ஒயில் துணியால் துடைத்து வைப்பார். படங்கால் இறுகச் சுற்றிக் கட்டாதீர்கள். உள்ளே வேர்த்து அதுவே துருவாகும். மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றுப் போக விடுங்கள்.

பெற்றோலும் ஒயிலும்

92 ஒக்டேன் போதும். 95 அடித்து இந்த எஞ்சினுக்கு ஒரு நன்மையும் இல்லை. கேனில் வாங்கிய திகதியை எழுதி ஒட்டுங்கள். இரண்டு மாதம் ஆனால் நான் அதை மோட்டார் சைக்கிளில் புதுப் பெற்றோலோடு கலந்து ஓடித் தீர்த்துவிட்டு, ஜெனரேற்றருக்குப் புதிதாக வாங்குவேன்.

2022 நினைவிருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லை. ஆடியில் எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த நேரத்தில் போத்தலில் விலை கூட்டி விற்றதை வாங்கி ஊற்றியவர்களில் நானும் ஒருத்தி. மண்ணெண்ணெய் கலந்திருந்தது. ஸ்டார்ட் ஆகக் கஷ்டப்பட்டது, ஆனபின் புகையாகத் தள்ளியது, லோட் கொடுத்தால் திணறியது. அன்று முதல் சந்தேகமான பெற்றோலை வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். நல்ல பெற்றோல் இரண்டு நிமிடத்தில் அடையாளம் இல்லாமல் காய்ந்துவிடும். மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்க்கறை நிற்கும். தண்ணி கலந்திருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணி அடியில் தனியாக உருண்டு நிற்கும். மாரிகாலத்தில் அரைவாசி டாங்கியோடு வைத்திருந்தால் உள்ளே வேர்த்தே தண்ணி சேரும்.

ஒயில் விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு நிறையப் பேரைக் காப்பாற்றும். இந்த எஞ்சின்களில் ஒயில் குறைந்தால் ஸ்பார்க்கைத் துண்டிக்கிற ஒரு உணரி இருக்கிறது. ஒயில் கொஞ்சம் குறைந்திருந்தாலும், மெஷின் சரிவில் நின்றாலும், அது ஓடவிடாது. ஒருமுறை வைகாசிச் சடங்குக்கு எங்கள் ஊர் அம்மன் கோயிலில் வாடகை ஜெனரேற்றர் வந்தது. மணலில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு மணிநேரம் இழுத்தார்கள், பெடியன்கள் வியர்த்து விறுவிறுத்துப் போனார்கள். பலகை போட்டு மட்டமாக்கி, ஒரு தேத்தண்ணிக் கோப்பை ஒயில் விட்டதும் இரண்டாவது இழுவையில் பிடித்தது. ஆகவே முதலில் மட்டமான தரை, பிறகு ஒயில். அளவுக்கோலை வெளியே எடுத்துத் துடைத்து, திருகாமல் உள்ளே வைத்துப் பார்ப்பதுதான் பெரும்பாலான மெஷின்களின் முறை. மொத்தமே 600 மில்லிலீற்றர்தான் பிடிக்கும், அதனால் கொஞ்சம் குறைந்தாலும் பெரிய வித்தியாசம்.

புது மெஷினுக்கு முதல் ஒயிலை 20 மணிநேரத்தில் மாற்ற வேண்டும். அதில் உலோகத் தூள் வரும். அதன் பிறகு 100 மணிநேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அது. 10டபிள்யூ-30 என்று போட்ட நாலு ஸ்ட்ரோக் ஒயில். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, இளஞ்சூட்டில் வடித்தால் அழுக்கெல்லாம் சேர்ந்து வரும். பழைய ஒயிலைப் போத்தலில் பிடித்து கராஜில் கொடுங்கள். வாவியிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள், நாங்கள் மீன் தின்பதும் தண்ணி அள்ளுவதும் அங்கேதான். கறுப்பாக இருந்தால் பயமில்லை. பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணி கலந்துவிட்டது. உடனே மாற்றி, சிறிது ஓட்டி, இன்னொரு முறையும் மாற்றுங்கள்.

காற்று ஃபில்டரை நான் அறுவடைக் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை திறப்பேன். வயல் தூசியும் பதரும் அப்படி அடைக்கும். பஞ்சு ஃபில்டர் என்றால் சவர்க்காரத் தண்ணியில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, சில துளி ஒயில் விட்டுப் பிழிந்து போடுங்கள். கடதாசி ஃபில்டரைக் கழுவக் கூடாது, தட்டினால் போதும்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

இழுப்பதை நிறுத்துங்கள். இருட்டில், மழையில், மனம் பதறிக்கொண்டு இழுக்கும்போது சுவிட்ச் போடாததுகூடத் தெரியாது. டாங்கியில் பெற்றோல், டெப் திறந்திருக்கிறது, சுவிட்ச் போட்டிருக்கிறது, ஒயில், மட்டம், குளிர்ந்த எஞ்சினுக்கு சோக் (காபரேற்றருக்குப் போகும் காற்றைக் குறைக்கிற தடுப்பு) மூடியிருக்கிறது. இவ்வளவையும் கையால் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். சூடான எஞ்சினுக்குச் சோக் போடக் கூடாது, போட்டால் பெற்றோல் கூடி மூழ்கிவிடும்.

அப்புறம் ஸ்பார்க் பிளக். 21ஆம் நம்பர் பிளக் சாவியால் கழற்றி நுனியைப் பாருங்கள். அது நிறையச் சொல்லும். ஐந்தாறு முறை இழுத்த பிறகும் நுனி காய்ந்து கிடந்தால் பெற்றோல் வரவில்லை, பிரச்சினை காபரேற்றர் பக்கம். நனைந்து பெற்றோல் மணம் வந்தால் மூழ்கியிருக்கிறது; பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, டெப்பை மூடி, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமலே கயிற்றை ஏழெட்டு முறை இழுத்தால் உள்ளே உள்ளது வெளியேறும். கரி பிடித்துக் கறுத்திருந்தால் ஃபில்டர் அடைப்பு அல்லது சோக் மூடியபடி ஓட்டியிருக்கிறீர்கள். நல்ல பிளக்கின் நுனி இளம் மண் நிறத்தில் இருக்கும். இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர்.

ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க, சிந்திய பெற்றோலை முதலில் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சினின் வெறும் இரும்பில், பிளக் துளைக்குத் தூரமாக, தொடவைத்து, கையை ரப்பர் தொப்பியில் மட்டும் வைத்து, இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் பளிச்சென்று பாய்ந்தால் நல்லது. ஒன்றும் இல்லையென்றால் புது பிளக் ஒன்றை மாட்டிப் பாருங்கள். அதிலும் இல்லை, ஒயில் சரியாக இருக்கிறது என்றால், ஒயில் உணரியின் வயரைக் கழற்றி ஒருமுறை பாருங்கள். ஸ்பார்க் வந்தால் உணரிதான் பழுது, புதிது வாங்கிப் போடுங்கள். அந்த வயரைக் கழற்றியபடியே ஓட்டும் பழக்கம் வேண்டாம். வீட்டில் ஒரு உதிரி பிளக் கட்டாயம் வைத்திருங்கள். நான் இரண்டு வைத்திருக்கிறேன்.

ஸ்பார்க் உண்டு, பிளக் காய்ந்து கிடக்கிறது என்றால் காபரேற்றரைத் திறக்க வேண்டும். முதல் முறை எனக்குக் கை நடுங்கியது. மாமா பக்கத்தில் நின்றும் ஒன்றையும் தொடவில்லை, என்னையே செய்யச் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை. கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வெள்ளைத் துணி விரித்து அதில் சாமான்களைக் கழற்றிய வரிசையில் வையுங்கள்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் விளக்கோ சுருட்டோ இருக்கக் கூடாது. டெப்பை மூடுங்கள். கிண்ணத்தின் கீழே ஒரு கோப்பையைப் பிடித்து, அடியில் உள்ள 10ஆம் நம்பர் போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வரும். உள்ளே பசை, துரு, தண்ணி முத்து இருக்கிறதா என்று பாருங்கள். கிண்ணத்துக்கும் உடலுக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பெற்றோலில் ஊறி அது கொஞ்சம் பெருத்துவிடும், இழுக்காதீர்கள். காற்றாட வைத்தால் பழைய அளவுக்கு வரும். நடுவில் நிற்கிற தூணுக்குள்தான் ஜெட். சரியான அகலமுள்ள திருப்புளியால் கழற்றுங்கள், பித்தளைத் தலை மெதுமையானது, சறுக்கினால் உடைந்துவிடும். ஜெட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் நடுவே வட்டமாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடைப்பு. வயருக்குள் இருக்கும் செப்பு இழைகளில் ஒன்றே ஒன்றை எடுத்து அதால் குத்துங்கள். ஊசி, குண்டூசி எதுவும் வேண்டாம். இரும்பு துளையைப் பெருக்கிவிடும், பிறகு பெற்றோல் அள்ளிக் குடிக்கும். ஜெட்டுக்குப் பின்னால் பக்கவாட்டில் துளைகள் உள்ள ஒரு குழாய் இருக்கிறது. அதுவும் கீழே விழும், அதன் துளைகளையும் சுத்தம் பண்ணுங்கள். காபரேற்றர் கிளீனர் ஸ்பிரே ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும். எல்லாத் துளையிலும் அடித்து மறுபக்கத்தால் வருகிறதா பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், அது எங்கிருந்து திரும்பிப் பாயும் என்று சொல்ல முடியாது.

திருப்பிப் பூட்டியதும் டெப்பைத் திறந்து ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அடியில் சொட்டினால் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. பெற்றோல் நிற்காமல் வழிந்தால், கிண்ணம் நிறைந்ததும் பெற்றோலை நிறுத்துகிற மிதவையின் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருப்புளியின் பிடியால் கிண்ணத்தின் பக்கத்தில் இலேசாக இரண்டு தட்டுத் தட்டினால் பல நேரம் நின்றுவிடும். முதல் முறை எனக்கு இந்த வேலைக்கு இரண்டு மணிநேரம் எடுத்தது. இப்போது 25 நிமிடம்.

ஓடும்போது காட்டுகிற குணங்கள்

சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி மூச்சு வாங்குவது போல ஓடினால் சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். உடனே சீராக ஓடினால் பெற்றோல் போதாமல் போகிறது, அதாவது ஜெட்டில் அரை அடைப்பு. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் திருகைத் தொடாதீர்கள். 50 ஹேர்ட்ஸுக்கு இந்த மெஷின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்ற வேண்டும். திருகி வேகத்தைக் கூட்டினால் சத்தத்தோடு வோல்டேஜும் கூடும், டீவியும் ஃபிரிட்ஜும் அதற்கு விலை கொடுக்கும்.

பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் ஸ்டார்ட் ஆகிறதா? டாங்கி மூடியைச் சந்தேகப்படுங்கள். அதில் காற்றுப் போக ஒரு நுண்ணிய துளை உண்டு. அது அடைத்தால் பெற்றோல் இறங்காது. நின்றதும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள், "உஸ்" என்று காற்று இழுத்தால் அதுதான். இதற்காக மெஷினைத் தூக்கிக்கொண்டு 20 கிலோமீற்றர் டவுனுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

கறுப்புப் புகை காற்றுப் போதவில்லை என்பது. நீலமும் வெள்ளையுமாக வந்தால் ஒயில் எரிகிறது. ஒயில் கூட ஊற்றியிருக்கலாம், அல்லது லான்ட் மாஸ்டர் உழவு மெஷினில் சரித்துப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருக்கலாம். அப்படிக் கொண்டுவந்த பிறகு கயிறு அசையாமல் இறுகினால் பலவந்தமாக இழுக்காதீர்கள். சிலிண்டருக்குள் ஒயில் போயிருக்கும். பிளக்கைக் கழற்றி மெதுவாக இழுத்து வெளியேற்றுங்கள்.

எஞ்சின் அழகாக ஓடுகிறது, கரண்ட் வரவில்லை என்றால் முதலில் முன்பக்கத்து பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் கார்பன் பிரஷ், வோல்டேஜைச் சீராக்கும் ஏவிஆர் என்று போகும். அது தெரிந்த ஆளின் வேலை, நான் கைவைப்பதில்லை. ஆனால் ஜெனரேற்றரின் பிளக் பொயின்டில் குத்துகிற சின்ன வோல்ட் மீற்றர் ஒன்று எப்போதும் கொளுவியிருப்பேன். 220க்கும் 240க்கும் இடையில் நின்றால்தான் குஞ்சு மெஷினைக் கொளுவுவேன்.

லோட் கணக்கு பற்றியும் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட்ஸ்தான், ஆனால் தொடங்குகிற கணத்தில் மூன்று நாலு மடங்கு, சில வேளை அதற்கும் மேல் இழுக்கும். அரைக் குதிரைவலுத் தண்ணி மோட்டார் 370 வாட்ஸ், தொடக்கத்தில் 1500ஐத் தாண்டும். அதனால் மோட்டார் உள்ளதை முதலில், ஒவ்வொன்றாக, ஒன்று தொடங்கி அமைதியான பிறகு அடுத்தது. என் மெஷின் 2000 வாட்ஸ் தரும். குஞ்சு மெஷின் 200, ஃபிரிட்ஜ், பல்புகள், அவ்வளவோடு நிறுத்துவேன். கேத்தல் போடுவதில்லை, தேத்தண்ணிக்கு அடுப்பு இருக்கிறது. வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் தடிப்பில், சுருளை முழுதாக விரித்துப் பாவியுங்கள். சுருண்டு கிடந்தால் சூடேறி உருகும்.

உயிர் சம்பந்தப்பட்டது

மழை என்று விறாந்தையில் வைத்து ஓட்டாதீர்கள். குசினியிலும் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கிறது என்றாலும் வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, பிறகு நித்திரை. நித்திரையில் இருப்பவர்களுக்கு அந்தத் தலையிடிகூடத் தெரியாது. வீட்டிலிருந்து 6 மீற்றருக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். காற்றையும் பாருங்கள். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும், ஆகவே வீட்டுக்குத் தென்மேற்கு மூலையில் வைத்தால் புகை வீட்டை விட்டு விலகிப் போகும். காற்றுத் திசை மாறுகிற கச்சான் காலத்தில் இடத்தை மாற்றுகிறேன். நாலு கம்பு, மேலே ஒரு தகரம், பக்கம் எல்லாம் திறந்தபடி. எங்கள் கொட்டில் அவ்வளவுதான்.

ஓடும்போதோ சூடாக இருக்கும்போதோ பெற்றோல் ஊற்றாதீர்கள். நிறுத்திக் கால் மணிநேரம் பொறுங்கள். குஞ்சு மெஷின் மூடியைத் திறக்காமல் இருந்தால் அந்தக் கால் மணியில் முட்டைக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டு முனையிலும் ஊசி உள்ள வயரை வைத்து வீட்டு பிளக் பொயின்டுக்குள் கரண்ட் ஏற்றுகிற பழக்கம் எங்கள் ஊர்களில் இருக்கிறது. கையெடுத்துக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். மெயின் சுவிட்சை அணைக்க ஒருவர் மறந்தால், உங்கள் 230 வோல்ட் தூணிலுள்ள டிரான்ஸ்போமர் வழியே திரும்பிப் போய் ஆயிரக்கணக்கான வோல்டாக மாறும். மழையில் நனைந்து எங்களுக்காக வயர் கட்டிக்கொண்டிருப்பவர் ஒருவரின் மகன், ஒருவரின் அப்பா. கரண்ட் திரும்பி வந்தால் உங்கள் ஜெனரேற்றரும் எரியும். வீட்டு வயரிங்கோடு இணைக்க விரும்பினால் லைசன்ஸ் உள்ள வயரிங்காரரைக் கொண்டு, லைன் கரண்டும் ஜெனரேற்றர் கரண்டும் ஒன்றாகச் சேர விடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பூட்டுங்கள், எர்த்தையும் அவரே பார்க்கட்டும். அதுவரை சாமானை நேரே ஜெனரேற்றரில் கொளுவுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

வெள்ளம் வந்துவிட்டால்

2011 தையில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தண்ணி எவ்வளவு வேகமாக முற்றத்துக்கு வரும் என்று தெரியும். கார்த்திகை பிறக்கும் முன் ஜெனரேற்றரை நாலு சீமெந்துக் கல்லின் மேல் ஏற்றி விடுகிறேன். அதையும் மீறி மூழ்கிவிட்டால், கயிற்றை இழுக்கவே கூடாது. உள்ளே தண்ணி இருக்கும்போது இழுத்தால் சுற்றுத்தண்டும் அதைப் பிஸ்டனோடு இணைக்கிற கம்பியும் வளையலாம்.

பிளக்கைக் கழற்றித் துளையைக் கீழ்ப்பக்கமாகச் சரித்துத் தண்ணியை வடியுங்கள். ஒயில், பெற்றோல், கிண்ணத்தில் உள்ளது எல்லாவற்றையும் ஊற்றிவிடுங்கள். சேற்றை நல்ல தண்ணியால் கழுவுங்கள், வாவித் தண்ணியில் உப்பு இருக்கிறது. சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு மெதுவாக நாலைந்து முறை இழுத்து எல்லா இடத்திலும் படியவிடுங்கள். அதுதான் முதல் இழுவை, பிளக் இல்லாமல். புது ஒயில், புது பிளக் போட்டால் எஞ்சின் பெரும்பாலும் பிழைத்துவிடும். கம்பிச்சுருள் வேறு விஷயம். அதன் மூடியைத் திறந்து பல நாள் வெயிலிலும் காற்றிலும் காயவைத்து, மின்கசிவைப் பார்க்கிற மெகர் மீற்றர் உள்ள ஒருவரைக் கொண்டு ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டுகிறதா என்று அளக்க வேண்டும். அவர் வந்து அளக்கும் வரை கயிற்றின் பிடியைப் பழைய துணியால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி முடிச்சுப் போட்டு வைப்பேன். அவசரத்தில் மருமகன் ஓடிவந்து இழுத்துவிடக் கூடாது.